தொலைந்தது சாவி, நின்றது கார்!

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு பகல் எந்நேரமும் கார்கள் பறந்துகொண்டிருக்கும். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்களை ஒட்டியே அந்தச் சாலை போகிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்து வருகிறவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோவிலைப் பார்க்க வருகிறவர்கள், தோல் சரக்கு வாங்க வரும் வியாபாரிகள், பிரியாணிக்காகவே ஆம்பூரில் வண்டியை நிறுத்துகிறவர்கள்... எத்தனையோ பேர்!

இவர்களில் ஒருவருக்குக் கார் சாவி தொலைந்துவிட்டால் என்ன செய்வார்?

"சாவிக்காரரைக் கூப்பிடு. அரை மணியில் வேறு சாவி போட்டுவிடுவார்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அம்பாசடர், பியட் காலத்தில் அது சரி. அரத்தால் ராவுவார், பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்ப்பார், மறுபடி ராவுவார். வேலை முடிந்தது!

இன்று அதேபோல் ராவிய சாவியைப் போட்டால் கார்க் கதவு திறக்கும். ஆனால் கார் கிளம்பாது.

பேசும் சாவி

பூட்டுக்குப் பெயர் பெற்றது திண்டுக்கல். அங்கே செய்யும் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டின் ரகசியம் எல்லாம் சாவியின் பல்லில் இருக்கிறது. பல் சரியாக இருந்தால் பூட்டு திறக்கும்.

இன்றைய கார்ச் சாவிக்குப் பல் மட்டும் போதாது. அதன் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய 'சிப்' ஒன்று இருக்கிறது. சாவி போடும் துளையைச் சுற்றிக் கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளிலிருந்து வரும் சக்தியால் சிப் விழித்துக்கொள்ளும். இதற்கு பாட்டரியே வேண்டாம்!

உடனே கார் ஒரு கேள்வி கேட்கும். சிப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். தவறாக இருந்தால் எஞ்சின் அசையாது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களிலும் இதே கதைதான். இந்தக் காவல் ஏற்பாட்டுக்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1986-ல் தன் கார்வெட் காரில் இதற்கு ஒரு முன்னோடியைப் புகுத்தியது. சாவியில் ஒரு சிறு மின் தடையைப் பதித்தார்கள். ஆனால் மொத்தம் 15 வகைத் தடைகள்தான். பதினைந்தையும் கையில் வைத்திருக்கும் திருடனுக்கு அது ஒரு பொருட்டா? பிறகுதான் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் சிப் வந்தது. 1998 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று.

இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தது. அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் ஒயரின் முனையை வைத்தே அந்தக் கார்களைக் கிளப்பலாம் என்று சில விடலைகள் படம் பிடித்துப் பரப்பினார்கள். 2022-ல் ஊர் ஊராகக் கார்கள் களவு போயின. கடைசியில், 2023-ல், சுமார் 20 கோடி டாலர் தருவதாக அந்தக் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. சம்பந்தப்பட்ட கார்கள் ஏறக்குறைய 90 லட்சம்!

ஆகவே, "சாவிக்கு இவ்வளவு பணமா?" என்று முணுமுணுக்கிறவர்கள் அது எதற்காக என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கெட்டுப்போனது எது?

சாவி வேலை செய்யவில்லை என்றதும் புதுச் சாவிக்கு ஓட வேண்டியதில்லை. பல சமயம் கெட்டிருப்பது பாட்டரிதான். கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்றால் பொத்தான் வேலை செய்யவில்லை, பக்கத்தில் போனால் செய்கிறது என்றால் பாட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல சாவிகளில் இருப்பது 2032 என்ற எண் போட்ட வில்லை பாட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

கழற்றிய பழைய பாட்டரியை மேஜை மேல் போட்டுவிடாதீர்கள்! குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பாட்டரி அடியோடு தீர்ந்துவிட்டாலும் பயமில்லை. பொத்தானால் திறக்கும் ரிமோட் சாவிகள் பலவற்றின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதைக் கொண்டு கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டைக் கிளப்பும் பொத்தானின் மேல் வைத்து அழுத்தினால், பல கார்கள் கிளம்பிவிடும். எங்கே வைக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். காரோடு தந்த புத்தகத்தில் அது அச்சிட்டிருக்கும். அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பவர்தான் குறைவு!

மேல் கூடு உடைந்திருந்தால் கூட்டை மட்டும் மாற்றலாம். செலவு குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. சில சாவிகளில் சிப் தனியாக, ஒரு மூலையில் சொருகியிருக்கும். அதை எடுக்க மறந்து பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. புதுக் கூடு பளபளக்கும், கதவும் திறக்கும், கார் மட்டும் நகராது. பிறகு குப்பைத் தொட்டியைக் கிளற வேண்டியதுதான்.

சாவி தண்ணீரில் விழுந்தால் பாட்டரியை உடனே கழற்றித் துடைத்து, காற்றில் உலர விட வேண்டும். வெயிலில் காய வைப்பதும் அடுப்பருகே வைப்பதும் கூடாது.

தொலைந்தே போனால்...

சாவி உண்மையிலேயே தொலைந்துவிட்டால், முதல் வேலை வீட்டிலுள்ள இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்வது. அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. புதுச் சாவியில் பல் வெட்டி, அதன் சிப்பைக் காருக்கு அறிமுகம் செய்துவைத்தால் போதும். கார்க் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் ஆர்.சி. புத்தகமும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். உயர்ந்த ரகக் கார் என்றால் பல மடங்கு ஆகும். சாவி வர நாட்கள் பிடிக்கலாம். வெளியிலும் கருவி வைத்துக்கொண்டு சாவியைப் பழக்கித் தரும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவராக, நம்பிக்கையானவராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். காரின் ரகசியம் அவர் கைக்குப் போகிறதல்லவா?

இரண்டு சாவியும் போய்விட்டால் பாடு பெரும்பாடு. காரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சில கார்களில் பூட்டையே மாற்ற நேரிடும்.

புதுச் சாவி வாங்கும்போது பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தொலைந்த சாவியைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்ல வேண்டும். அழிக்காவிட்டால், அதைக் கண்டெடுத்தவன் எந்த நாளும் வந்து காரை ஓட்டிக்கொண்டு போகலாம்! போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வதும் நல்லது. கார் களவு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம். சாவிச் செலவைத் தரும் தனிப் பாதுகாப்பும் இன்ஷூரன்சில் உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

குழந்தை உள்ளே, சாவியும் உள்ளே!

சாவியோடு குழந்தையையும் காருக்குள் விட்டுக் கதவு பூட்டிக்கொண்டால், சாவிக்காரருக்காகக் காத்திருக்கக் கூடாது. மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி கூடிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். குழந்தை இருக்கும் இடத்துக்குத் தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியை, அதன் மூலையில் அடித்து உடைத்துவிட வேண்டும். முன் கண்ணாடி லேசில் உடையாது. 108-க்கும் போன் செய்யுங்கள். கண்ணாடி போனால் போகட்டும்.

தோல் உறையும் தகர டப்பாவும்

ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை ஊற வைத்துத் தோல் பதனிட்ட வட்டாரம் இது. ஷூ தைத்தது போக மிஞ்சும் துண்டுத் தோலில் சாவிக்கு அழகான உறை தைக்கலாம். உறை போட்ட சாவி கீழே விழுந்தாலும் அடி தாங்கும். தோல் ரேடியோ அலையைத் தடுக்காது. ஆகவே உறைக்குள் இருந்தே பொத்தான் வேலை செய்யும். மழையில் நனைந்தால் மட்டும் உறையைக் கழற்றி உலர்த்த வேண்டும்.

தோல் தடுக்காததில் ஒரு சங்கடமும் உண்டு. சட்டைப் பையிலேயே இருந்து கதவைத் திறக்கும் சாவிகளின் அலையை, இரண்டு திருடர்கள் கருவி வைத்துக் கடத்திவிடுகிறார்கள். ஒருவன் வீட்டு வாசலில், மற்றவன் காருக்குப் பக்கத்தில்! சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் பத்து ரகக் கார்களை இப்படிச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தும் ஏமாந்தன. உலோகத் துணியை உள்ளே வைத்துத் தைத்த உறை இதைத் தடுக்கும். இறுக்க மூடிய தகர டப்பாவும் ஓரளவு தடுக்கும்.

இரண்டாவது சாவியை எங்கே வைப்பது? காருக்குள் வேண்டாம். முதல் சாவியோடு ஒரே வளையத்திலும் வேண்டாம். வெளியூர் போனால் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும். சாவியின் அருமை ஜப்பானியருக்குத் தெரியும். 2022 அக்டோபரில் சிப் பஞ்சம் வந்தபோது, டொயோட்டா கம்பெனி அங்கே புதுக் கார்களுக்கு ஒரு ரிமோட் சாவியும் ஒரு சாதாரண இரும்புச் சாவியும்தான் கொடுத்தது!

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். சாவி எண் பொறித்த சிறு தகடு இருந்தால் அதையும் வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். "ஒரு சாவிதான் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், புதுச் சாவிக்கு ஆகும் பணத்தை விலையில் குறைத்துக் கேட்கலாம்.