குடல் சோதனைக்குச் செல்லும் இருதய நோயாளர் கவனத்திற்கு

நாடி ஒழுங்கற்று ஓடுவதற்காக மாத்திரை உட்கொண்டு வரும் அங்கத்தினர் நம் கரிசல் வட்டாரச் சங்கங்களில் பலர் உளர். அவர்களுக்குப் பெருங்குடலைக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிச் சோதனை தேவைப்படும்போது, "மாத்திரையை நிறுத்திவிட்டுப் போ" என்று அண்டை வீட்டார் கூறும் யோசனை பேராபத்தை விளைவிக்கக் கூடும். நாம் வைத்தியர் அல்லோம். எனினும் வைத்தியரிடம் கேட்கவேண்டியவற்றை எடுத்துரைத்தல் நம் கடமையென எண்ணுகிறோம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நோயில் இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காது நடுங்குகின்றன. அங்கே தேங்கிய இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். இதனைத் தடுக்கவே உறைவு தடுக்கும் மாத்திரை தரப்படுகிறது. அவற்றுள் பழையதான வார்ஃபரினின் வரலாறு விவசாயிகள் அறியத்தக்கது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பூசணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள் இரத்தப்போக்கு நில்லாமல் மாண்டன. அதன் காரணத்தை ஆராய்ந்த வழியில் பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாகி, 1954 முதல் மனிதரைக் காக்கும் மருந்தாயிற்று.

சோதனையின்போது குடலில் சதை முளை காணப்பட்டால் அப்பொழுதே அறுத்தெடுப்பதுண்டு. மருந்தின் வேகம் இருந்தால் இரத்தம் பெருகும். மருந்தை நெடுநாள் நிறுத்தினால் உறைகட்டி தோன்றும். ஆகவே வார்ஃபரினைப் பெரும்பாலும் 5 நாட்களுக்கு முன்னரும், அபிக்சபான் போன்ற புதியவற்றைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பச் சில நாட்களுக்கு முன்னரும் நிறுத்தச் சொல்வர். சிலருக்கு நிறுத்தவே சொல்லார். செயற்கை வால்வு பொருத்தியவர்க்குத் தனி ஏற்பாடு வேண்டும். நிறுத்தும் நாள், மீண்டும் தொடங்கும் நாள் ஆகிய இரண்டையும் வைத்தியரிடம் எழுத்தில் பெறுக. தணிக்கைக்குப் பேரேடு போல, வைத்தியருக்கு உங்கள் மாத்திரைச் சீட்டு. நாடியை அடக்கும் மாத்திரையைச் சோதனை நாளிலும் பொதுவாக விடலாகாது, அதனையும் கேட்டறிக.

அடுத்தது பேதி மருந்து. குடலைக் கழுவுகையில் நீருடன் பொட்டாசியம், மக்னீசியம் என்னும் உப்புகளும் குறைந்தால் துடிப்பு மேலும் தடுமாறும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ டிகாக்சினோ உண்போர் முன்னதாகவே இரத்தத்தில் பொட்டாசிய அளவு பார்ப்பது நலம். இருதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்க்குப் பாஸ்பேட் கலந்த பேதி மருந்து ஏற்றதன்று. பருகும் நீரின் அளவையும் வைத்தியரே கூறவேண்டும்.

சோதனைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கம்பு, சோளம், கீரை, நிலக்கடலை ஆகியவற்றை நீக்குக. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அந்நாட்களில் ஆகாது. இட்லியும் வெண்சோறும் போதும். முந்தைய நாளில் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பாலில்லாத தேநீர் போன்ற தெளிந்த பானங்களே தகும். சிறுநீரகக் கோளாறு உடையோர் இளநீரையும் கேட்டே அருந்துக.

திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்வோர், பேதி மருந்து குடித்துவிட்டுப் பேருந்தில் அலையாமல், முன்தினமே துணையுடன் சென்று தங்குவது நன்று. மயக்க மருந்து தரப்பட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டற்க. கடன் பத்திரத்திலும் கையெழுத்திடற்க. வீடு திரும்பிய பின் மலத்தில் மிகுந்த இரத்தமோ, வயிற்றில் கடும் வலியோ, வாய் கோணலோ, கை கால் தளர்ச்சியோ கண்டால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.