தங்கம் தராத தங்க நோட்டு

ஒரு சர்க்கார் எழுதிக் கொடுத்த வாக்கை அதே சர்க்கார் மாற்றிவிட்டால், அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு? அமெரிக்காவின் பழைய தங்க நோட்டுகளைச் சேகரிப்போர் இதற்கு விடை அறிவர்.

கேட்டவுடன் பொன் நாணயம் தரப்படும் என்ற உறுதியுடன் 1882-ஆம் வருஷத்து வரிசை முதல் இந்நோட்டுகள் பொதுஜனங்களிடையே புழங்கின. பழைய பெரிய நோட்டுகள் பெரும்பாலானவற்றின் பின்புறம் பொன்னிறமாய் ஒளிரும். 1928-ஆம் வருஷத்துச் சிறிய நோட்டுகளிலோ முத்திரையும் எண்ணும் மட்டுமே அந்நிறம் பெற்றவை.

1933 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு பிறப்பித்தார். 100 டாலருக்கு மேற்பட்ட தங்க நாணயங்களையும் தங்க நோட்டுகளையும் ஜனங்கள் ஒப்படைத்துவிட வேண்டும். தவறினால் 10 ஆண்டு வரை சிறைவாசம். வருஷம் முடிவதற்குள் அந்த 100 டாலர்ச் சலுகையும் நோட்டுகளுக்கு இல்லாது போயிற்று. பணிந்தவர்கள் பெற்றது வேறு செலாவணியே. 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் பொன்னின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. லாபம் சர்க்காரைச் சேர்ந்தது.

1964-ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. பொன் மட்டும் திரும்பவில்லை. கடையில் கொடுத்தால் அந்த நோட்டு அச்சிட்ட தொகைக்கே செல்லும். அதற்கு மேல் கிடைக்கும் விலையெல்லாம் அதன் அருமைக்கும் மடிப்பில்லாத தூய்மைக்கும் உரியது. ஆதலால், வாங்க விரும்புவோர் "இதன் பின்னே பொன் இருக்கிறது" என்னும் பேச்சுக்குச் செவிசாய்க்கலாகாது. இன்று கைக்குக் கிட்டுபவை பெரும்பாலும் அன்று சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியவை.