கூண்டு நாயும் மனித உளமும்: ‘கற்ற கையறுநிலை’ பற்றிய ஒரு மீள்நோக்கு

மனித உளத்தை விளங்கிக்கொள்வதற்கு விலங்குகளை ஆராய்தல் எவ்வளவு தூரம் உதவும் என்னும் வினா நெடுங்காலமாக விவாதத்துக்குரியதாகவே இருந்து வந்துள்ளது. மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படுமாற்றைப் பற்றி 1872 இல் டார்வின் எழுதிய நூல் இரு சாராரிடையேயும் உள்ள தொடர்ச்சியை வலியுறுத்திற்று. பவ்லோவின் நாய்கள் அத்தொடர்ச்சியை ஆய்வுகூடத்தினுள் கொண்டுவந்தன. எனினும், தொடர்ச்சி உண்டென ஒப்புக்கொண்ட மாத்திரத்தே கூண்டில் கண்டதைச் சமூகத்தின் மேல் ஏற்றிவிடலாமா? இதனைப் பொதுப்பட விவாதிப்பதினும், அரை நூற்றாண்டின் பின் தன் முடிபைத் தானே தலைகீழாக்கிக்கொண்ட ஓர் ஆய்வின் வரலாற்றை எடுத்து நோக்குதல் பயனுடையது எனக் கருதுகின்றோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மாட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இரு இளம் ஆய்வாளர் நடத்திய பரிசோதனை 1967 இல் வெளியாயிற்று. முதலாம் பிரிவு நாய்கள் வாரில் பிணைக்கப்பட்டு மின்னதிர்ச்சிக்கு உட்படுத்தப்பட்டன; தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் பிரிவு நாய்களுக்கும் அதே கால அளவான அதிர்ச்சியே கொடுக்கப்பட்டது; ஆனால் அவை எதனைச் செய்தும் அதனை நிறுத்த இயலாது. மூன்றாம் பிரிவு அதிர்ச்சி எதனையும் பெறவில்லை. அடுத்த நாள் எல்லா நாய்களும் தாழ்ந்த தடுப்பொன்றினால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பெட்டியினுள் விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியினின்று தப்பலாம். முதலாம், மூன்றாம் பிரிவு நாய்கள் விரைவில் தாண்டக் கற்றன. இரண்டாம் பிரிவினவற்றுட் பெரும்பாலானவை சிறிது நேரம் ஓடி அலைந்தபின் படுத்து, முனகியவாறு அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டன.

இரு பிரிவுகளும் பட்ட வலியின் அளவு ஒன்றே. வேறுபட்டது வலியின் மீது இருந்த அதிகாரம் மாத்திரமே. இப்பரிசோதனையின் சிறப்பு இவ்வமைப்பிலேயே உள்ளது. தன் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பில்லை என்பதனை நாய் கற்றுக்கொண்டது என்று ஆய்வாளர் கருதினர். அதற்குக் கற்ற கையறுநிலை எனப் பெயரிட்டனர். (நம் இலக்கண மரபிற் கையறுநிலை என்பது தலைவனை இழந்தோர் புலம்பும் துறை. அங்கே துயரத்துக்கு ஒரு குரல் உண்டு. பெட்டியிற் கிடந்த நாயின் நிலைக்கு இச்சொல் முற்றும் பொருந்தாது எனினும் வேறு நல்ல சொல் நமக்கில்லை.)

இக்கருத்து மனிதர் மீது மிக விரைவாக ஏற்றப்பட்டது. 1974 இல் டொனல்ட் ஹிரோட்டோ, நிறுத்த முடியாத பேரிரைச்சலுக்குக் கல்லூரி மாணவரை உட்படுத்தி அதனையொத்த விளைவைக் கண்டார். 1975 இல் செலிக்மன் இதனை மனச்சோர்வுக்குரிய ஒரு மாதிரியாக நூல் வடிவில் முன்வைத்தார். ஆயின், ஒரே அனுபவத்துக்குட்பட்ட மனிதர் எல்லாரும் ஒரே வகையில் நடந்துகொள்ளவில்லை. மனிதன் தன் தோல்விக்குக் காரணம் தேடுகின்றான். குற்றம் தன்னுடையதா பிறருடையதா, நிலையானதா தற்காலிகமானதா என்று வினவுகின்றான். இவ்வுண்மை 1978 இற் கோட்பாட்டினுட் சேர்க்கப்பட்டது.

திருத்தம் அவசியமானதே. ஆயினும் அதனோடு விளக்கத்தின் இடமும் பெயர்ந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். முதற் பரிசோதனையிற் காரணம் சூழலில், அதாவது ஆளியை வைத்திருந்தவரின் கையில் இருந்தது. இப்பொழுது அது பாதிக்கப்பட்டவரின் சிந்தனைப் பாங்கினுட் குடிபுகுந்தது. 1966 அளவில் ஒஸ்கார் லூயிஸ் எடுத்துரைத்த ‘வறுமைப் பண்பாடு’ என்னும் கருத்தும் கையறு உணர்வை வறியோரின் பண்புகளுள் ஒன்றாகவே எண்ணியது. இத்தகைய நோக்கு, மின்னதிர்ச்சியை நிறுத்துவதற்குப் பதிலாக நாயின் அபிப்பிராயத்தைத் திருத்த முனைவதாகும். இதனிலும் கொடியதொரு பயன்பாடும் நேர்ந்தது. 2001 இன் பின் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் கைதிகள் மீது கையாண்ட கொடிய விசாரணை முறைகளை வகுத்த உளவியலாளர் இருவர் இக்கோட்பாட்டையே துணைக்கொண்டனர் என்பதை, 2014 டிசெம்பரில் வெளியான செனற் சபைக் குழுவின் அறிக்கை காட்டிற்று. நோயை விளங்கிக்கொள்ளப் பிறந்த அறிவு நோயை உண்டாக்கும் கருவியாயிற்று.

இதனிடையே மேயர் நரம்பியல் துறைக்குச் சென்று எலிகளின் மூளையை ஆராயலானார். 2016 இல் அவரும் செலிக்மனும் இணைந்து வெளியிட்ட கட்டுரை, தமது பழைய கோட்பாடு உண்மையைத் தலைகீழாகக் கண்டிருந்தது என அறிவித்தது. நீடித்த துன்பத்தின் போது மூளைத்தண்டிலுள்ள ஒரு சிறு நரம்புக்கலத் தொகுதி செரட்டோனினை மிகுதியாக வெளிப்படுத்துகின்றது. அதனால் விலங்கு அச்சமுற்றுச் செயலற்றுப் போகின்றது. இது கற்கப்படுவதன்று, இயல்பாகவே நிகழும் துலங்கல். கற்கப்படுவது இதற்கு மறுதலையானது. தன் செயலால் துன்பம் நிற்கின்றது என்பதை விலங்கு கண்டறியும்போது, மூளைப் புறணியின் முன்பகுதி அக்கலத் தொகுதியை அடக்குகின்றது. அவ்வனுபவத்தை ஒருமுறை பெற்ற எலி, பின்னர் தப்ப முடியாத துன்பத்துக்கு உள்ளானபோதும் எளிதிற் செயலிழக்கவில்லை.

இம்மாற்றத்தை வெறும் நுட்பத் திருத்தமாக நாம் கொள்ளவில்லை. ஒடுக்கப்பட்டோர் செயலற்றிருத்தற்கு அவர்தம் தவறான கல்வி காரணம் என்ற வாதம் தன் உயிரியற் சான்றை இழக்கின்றது. அவர்கள் எதனைக் கற்றார்கள் என்று கேட்பதற்கு முன், எதனைக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று கேட்க வேண்டியுள்ளது. 1968 இல் வெளியான மற்றொரு பரிசோதனையும் இவ்வொளியிற் புதுப்பொருள் பெறுகின்றது. செயலிழந்த நாய்களை அழைத்துப் பார்த்தும் பயனில்லை. கழுத்து வாரினாற் பலமுறை தடுப்புக்கு அப்பால் இழுக்கப்பட்ட பின்னரே அவை தாமாகத் தாண்டின. பழைய பாடமொன்றை அவை மறந்தன என்று அன்று கருதப்பட்டது. புதிய பாடமொன்றை முதன்முறையாகக் கற்றன என்றே இன்று கொள்ளத் தோன்றுகின்றது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டாலும் ஒரு குறை எஞ்சுகின்றது. வாரிற் கிடந்த நாய் தனித்தது. அதற்குத் துணையுமில்லை, போட்டியுமில்லை. கூட்டமாக வாழும் விலங்குகளை இயற்கைச் சூழலில் நெடுங்காலம் நோக்கும் ஆய்வுகளே இக்குறையை ஓரளவு நிரப்பவல்லன. அத்தகைய ஆய்வொன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது. 1968 முதல் பொலன்னறுவையில் வுல்ஃப்காங் டிட்டஸ் இலங்கைக்கே உரிய ஒரு குரங்கினத்தை ஆராய்ந்து வந்தார். உயர்நிலைக் குரங்குகள் தாழ்நிலையினவற்றை நல்ல உணவினின்று விரட்டுவதையும், அவற்றின் கன்னப் பையைத் திறந்து உள்ளிருக்கும் உணவையே பறிப்பதையும் அவர் பதிவு செய்துள்ளார். உணவு குறையும்போது இளங்குரங்குகளே, அவற்றுள்ளும் பெண் குரங்குகளே, கூடுதலாக மடிந்தன. அங்கே ஒதுங்கிப் பணிந்திருக்கும் இளங்குரங்கின் நடத்தையை விளக்க, அதன் மூளையோடு அது எவ்வரிசையில் நிற்கின்றது, உணவு எவர் வசம் உள்ளது என்பவற்றையும் சேர்த்தே நோக்கவேண்டியிருக்கின்றது.