300 கிலோமீட்டருக்கு ஒரு புத்தகம்: வழிகாட்டி நூலின் வரவு செலவு

செட்டிகுளத்திலிருந்து காரில் புறப்பட்டு, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பழைய இடங்களை இரண்டு நாளில் பார்த்துவர எவ்வளவு ஆகும்? முதல் நாள் வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில், ரஞ்சன்குடிக் கோட்டை, திரும்பும் வழியில் சாத்தனூர் கல்மரம். இரண்டாம் நாள் கீழையூர் இரட்டைக் கோயில், கங்கைகொண்ட சோழபுரம். சொந்த ஊரின் ஏகாம்பரேசுவரர் கோயிலையும், மலைமேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணியையும் ஒரே இடமாகச் சேர்த்தால் ஆறு இடம்.

போக, வர, ஊருக்குள் சுற்ற என்று 300 கி.மீ. வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் வண்டிக்கு 20 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் ரூ.2,000. நான்கு பேருக்குச் சாப்பாடு, காபி எல்லாம் ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ.300 வீதம் இரண்டு நாளுக்கு ரூ.2,400. ஆக மொத்தம் ரூ.4,400. இதில் புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எந்தப் புத்தகத்துக்கு ஒதுக்கலாம் என்பதுதான் கணக்கு.

பக்கக் கணக்கு

கடையில் முதலில் கண்ணில் படுவது இந்தியா முழுமைக்குமான தடிமனான கைடு. 1,200 பக்கம் என்று வைப்போம். விலை ஆயிரத்தைத் தாண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் மட்டும் நாடு முழுக்க 3,600-க்கு மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன; தமிழ்நாட்டில் 400-க்கு மேல். ஓட்டல், ரயில், சாப்பாடு பற்றி ஒரு வரிகூட எழுதாமல் எல்லாப் பக்கத்தையும் சின்னங்களுக்கே கொடுத்தாலும் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பக்கம்தான் வரும். நம் ஆறு இடத்துக்கு 2 பக்கம். ஆயிரம் ரூபாய் கொடுத்து 2 பக்கம் படித்தால் பக்கம் ரூ.500.

தமிழில் ஓர் ஊரைப் பற்றி மட்டும் எழுதிய 96 பக்க நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாய் வீதம் ரூ.120. பெரம்பலூர், அரியலூர் புத்தகத் திருவிழாக்களில் வழக்கமான 10 சதவீதக் கழிவு போனால் ரூ.108. 96 பக்கமும் நமக்கு வேண்டிய பக்கம்.

எடைக் கணக்கு

தமிழ் நூல்கள் பெரும்பாலும் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில், டெம்மி அளவில் வருகின்றன. ஒரு தாள் சுமார் 2.1 கிராம். 96 பக்கம் 48 தாள். அட்டை நீங்கலாக 100 கிராம். 1,200 பக்க கைடு மெல்லிய தாளில் அடித்திருந்தாலும் முக்கால் கிலோவுக்குக் குறையாது. கோட்டைப் படி ஏறும்போது செட்டிகுளம் சின்ன வெங்காயம் முக்கால் கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழுவேட்டரையர் ஊரான கீழையூரைப் பார்க்க ‘பொன்னியின் செல்வன்’ நாவலோடு வருபவர்களும் உண்டு. ஐந்து பாகமும் 2,000 பக்கத்துக்கு மேல். அதே தாளில் 2 கிலோ. நாவல் படித்துவிட்டு வருவது நல்லதுதான். ஆனால் கீழையூரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விமானங்களில் ஒன்றன் சிகரம் சதுரம், மற்றதன் சிகரம் வட்டம் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இருக்கும் புத்தகம்தான் வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

அட்டையைப் பார்ப்பதற்கு முன் பதிப்பாண்டைப் பாருங்கள். இந்தப் பகுதிக்கு அது கட்டாயம். 1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அரியலூர் தனியானது. 2002-ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. 12 ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறது. 1990-ல் அச்சான நூலில் அதைத் திருச்சி அத்தியாயத்தில் தேட வேண்டும். 2005 நூலில் பெரம்பலூரில். 2010 நூலில் அரியலூரில்.

பழைய கைடுகளில் நம் பக்கம் மெலிந்திருப்பதற்கு ஒரு காரணம் ரயில். லண்டன் மர்ரே நிறுவனம் 1859-ல் ஈஸ்ட்விக் எழுதிய சென்னை மாகாணக் கையேட்டை வெளியிட்டது. அதற்குப் பிந்திய காலத்துக் கைடுகள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே ஊர்களை அடுக்கின. அரியலூர் பாதையில் இருக்கிறது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது.

ஆண்டு பழையதானால் நூலே வீண் என்று அர்த்தமில்லை. சி. சிவராமமூர்த்தி தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் சேர்த்துத் தொல்லியல் துறைக்கு எழுதிய கையேடு 1960-ல் வந்தது. இரா. நாகசாமியின் ‘கங்கைகொண்ட சோழபுரம்’ 1970. சிற்பம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. அதைப் பற்றி அவர்கள் எழுதியது இன்றைக்கும் செல்லும். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது 1980-ல். 2021-லிருந்து மீண்டும் தோண்டினார்கள். அரண்மனைச் சுவர்கள் 1970 நூலில் இருக்க வழியில்லை. உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோயில் சேர்ந்த 2004-ம் இருக்காது.

தவறின் விலை

வழி தவறி 30 கி.மீ. கூடுதலாக ஓடினால் 2 லிட்டர், ரூ.200. ஒரு நல்ல சிறுநூலின் விலைக்கு மேலேயே போயிற்று. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியபின் போய்ச் சேர்ந்தால், மாலை 4 மணி வரை நான்கு மணி நேரம். நான்கு பேருக்குப் பதினாறு மணி நேரம். பெயர்க் குழப்பம் இன்னும் பெரிது. செட்டிகுளம் என்று போனில் தட்டினால் நாகர்கோவிலின் செட்டிகுளம் சந்திப்பும் வரும், இலங்கை வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளமும் வரும். நாகர்கோவில் 350 கி.மீ.க்கு மேல். ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம் என்று சேர்த்து எழுதாத நூலை நம்பி வெளியூர்க்காரருக்கு வழி சொல்லக் கூடாது.

கடையில் நின்றபடி ஐந்து சோதனை

1. கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டம்? அரியலூர் என்று இருந்தால் 2007-க்குப் பிந்திய வேலை என்று நம்ப இடமுண்டு.

2. அங்குள்ள கோயில் விமானத்தின் உயரம் சுமார் 55 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் குறைவு என்று சொல்கிறதா? இரண்டும் ஒரே உயரம் என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடலாம்.

3. வடக்கு வாசல் படியருகே போய் நிற்கச் சொல்கிறதா? சண்டேசருக்குச் சிவன் தலையில் பூமாலை சுற்றும் சிற்பம் அங்கேதான். எதிர்ப்புறம் ஞானசரஸ்வதி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நூலாசிரியர் நேரில் வந்து பார்த்தவர்.

4. அந்தக் கோயிலின் மதில் ஏன் இப்படிச் சிதைந்திருக்கிறது என்று சொல்கிறதா? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இங்கிருந்து கல் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ‘காலத்தால் அழிந்தது’ என்று மட்டும் எழுதும் நூல் பாதிதான் சொல்கிறது.

5. எண்கள் வெறுமனே நிற்கின்றனவா, காரணத்தோடு நிற்கின்றனவா? ரஞ்சன்குடிக்கு ‘பழைய கோட்டை’ என்பதோடு நிறுத்தாமல், 1751-ல் முகமது அலிக்கு ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்ற வால்கொண்டா சண்டையைச் சொல்ல வேண்டும். சாத்தனூருக்கு 18 மீட்டர், 12 கோடி ஆண்டு என்பதோடு, 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார் என்றும், இந்த நிலம் ஒரு காலத்தில் கடலோரம் என்றும் சொல்ல வேண்டும்.

கடைசிச் சிட்டை

ஓரூர்ச் சிறுநூல், 96 பக்கம், கழிவு போக: ரூ.108

தமிழ் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் தொல்லியல் துறைப் பழைய நூல்களிலிருந்து 40 பக்கம், அச்செடுக்கப் பக்கம் ரூ.2: ரூ.80

கோயில் தலபுராணச் சிறுநூல் (ஆண்டுகளுக்கு அல்ல, ஊர் நம்பும் கதைக்கு): ரூ.30 என்று வைப்போம்

வழி, தூரம், நடை திறக்கும் நேரம்: கைப்பேசியும் டீக்கடையும், செலவு இல்லை

மொத்தம்: ரூ.218

ரூ.4,400 பயணத்தில் இது நூற்றுக்கு ஐந்து. கல்லைப் பற்றிய செய்தி பழைய புத்தகத்தில் இருக்கலாம், வழியைப் பற்றிய செய்தி புதிதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அட்டைக்குள் தருகிறேன் என்று சொல்லும் கைடுக்குத்தான் ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கல்லைப் பற்றிய செய்திக்குக் காசு கொடுங்கள். வழியைப் புறப்படும் அன்று காலையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.