அகழிப் போரும் எஃகுத் தலைக்கவசமும்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியபோது, ஜெர்மானியப் படைவீரர்கள் உச்சியில் கூர்முனை பொருத்திய தோல் தலையணியையே அணிந்திருந்தனர். மேற்குப் போர்முனையில் இரு தரப்பினரும் மண்ணை ஆழத் தோண்டி அதற்குள் பதுங்கிப் போரிடும் அகழிப் போர் நிலைபெற்றதும், உடல் மறைந்திருந்தபோதிலும், மேலே வெடித்துச் சிதறிய பீரங்கிக் குண்டுகளுக்குத் தலை எளிதில் இலக்காயிற்று. மிகச் சிறிய இரும்புச் சில்லும் மூளையைச் சிதைத்து உயிரைப் பறித்ததைக் கண்டு வருந்திய அறுவை மருத்துவர் ஆகுஸ்ட் பியரும், ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்டும் 1915இல் எஃகுத் தலைக்கவசத்துக்கு வழிவகுத்தனர்.

‘ஷ்டால்ஹெல்ம்’, அதாவது ‘எஃகுத் தலைக்கவசம்’ எனப்பட்ட அது, 1916இல் வெர்டூன் போர்க்களத்தில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே எஃகுத் தகட்டைச் சூடாக்கி அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்ட அதன் விளிம்பு, நெற்றியின் முன் சற்றே நீண்டும், காதுகளையும் பிடரியையும் மறைக்குமாறு பக்கங்களிலும் பின்புறமும் தாழ்ந்தும் இருந்தது. உட்புறத்தில் தோல்பட்டையோடு இணைந்த மூன்று மெத்தைகள், எஃகு தலையில் நேராக அழுந்தாதவாறு தாங்கின. இருபுறமும் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்த குமிழ்கள் காற்றோட்டத்துக்கு உதவியதோடு, காவல் வீரர்களுக்கான கூடுதல் நெற்றித் தகட்டையும் தாங்கின. ஆயினும் அதன் பெருஞ்சுமையால் அத்தகடு அரிதாகவே பயன்பட்டது.

நேராகப் பாயும் துப்பாக்கிக் குண்டை இக்கவசத்தால் எப்போதும் தடுக்க இயலவில்லை. எனினும் சிதறும் சில்லுகளிலிருந்து எண்ணற்ற உயிர்களை அது காத்தது என்பதே அதன் பெரும்பயன்.