கடலைக்காய் தானே சாப்பிட வேண்டும்

தர்மபுரி மாவட்டத்திலே அரூர் பக்கமானாலும் சரி, பென்னாகரம் பக்கமானாலும் சரி, மானாவாரிக் கடலை போடுகிறவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "கொடி பச்சைப் பசேல்னு படர்ந்திருந்ததுங்க. பிடுங்கிப் பார்த்தா பாதிக்கு மேல பொக்கு. யூரியாவைக் கொட்டியும் புண்ணியமில்லைங்க" என்பார்கள். விதைக்கும் ஆள் கூலிக்கும் கடன் வாங்கிச் செலவழித்தவருக்கு இது பெரிய அடிதான்.

இந்தப் பொக்கு ஏன் வருகிறது? யூரியா கொடுப்பது தழைச்சத்து. கடலைக்கோ அது அதிகம் வேண்டியதில்லை. அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள், காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடுகின்றன. மேலும் மேலும் யூரியா போட்டால் கொடிதான் வளரும்; வேர் முடிச்சும் குறைந்துபோகும்.

பருப்பு திரள்வதற்கு வேண்டியது சுண்ணாம்புச்சத்து. இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும். ஏறியது திரும்பக் காய்க்கு இறங்காது. பூ காய்ந்து விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு, காய் தன் தோல் வழியாகத்தான் சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே காய் இருக்கும் மேல்மண்ணில் அந்தச் சத்து இல்லையென்றால், செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் காய் பொக்குதான்.

இதற்குக் கைகண்ட உரம் ஜிப்சம். சுத்தமான ஜிப்சத்தில் நூற்றுக்கு 23 பங்கு சுண்ணாம்புச்சத்தும், 18 பங்கு கந்தகச்சத்தும் உண்டு. கந்தகச்சத்து எண்ணெயைக் கூட்டும்.

எப்படிப் போடுவது? ஏக்கருக்கு 160 கிலோ. இறவைப் பயிரானால் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் போட வேண்டும். மானாவாரியில் 40 நாளுக்கு மேல் 75 நாளுக்குள், மழை பெய்து ஈரம் இருக்கும் சமயம் பார்த்துப் போடலாம். செடியின் ஓரமாகத் தூவி, கொத்தி, மண் அணைத்துவிடுங்கள். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறாதீர்கள், விழுது அறுந்துபோகும்.

அடியுரத்தையும் மறக்கக் கூடாது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போட்டு உழுங்கள். மண் பரிசோதனை செய்யாத மானாவாரி நிலமானால் யூரியா 9 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 25 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ போதும். சூப்பரில் சுண்ணாம்பும் கந்தகமும் கூடவே வருகின்றன, டி.ஏ.பி.யில் அவை கிடையாது. பொட்டாஷை அடியுரமாகவே போட்டுவிடுங்கள். காய் பிடிக்கும்போது மேலாகப் போட்டால், காய்க்குச் சுண்ணாம்புச்சத்து சேர்வதை அது தடுக்கும்.

மண் பரிசோதனை செய்துகொள்வது இன்னும் நல்லது. வரப்போரம், மர நிழல், எருக்குழி பக்கம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலே விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

"ஜிப்சம் போட்டா மட்டும் ஆயிடுமா?" என்று சந்தேகப்படுகிறவர்கள், வயலில் நாலு சாலை மட்டும் ஜிப்சம் போடாமல் விட்டு வையுங்கள். பிடுங்குகிற நாளில் இரண்டையும் எடுத்து உடைத்துப் பாருங்கள். நான் சொல்வதைவிட உங்கள் கையில் இருக்கும் காய் தெளிவாகச் சொல்லும்.