ஊசி மருந்தும் ஞாபக சக்தியும்

மாதந்தோறும் உயிரைப் பிழியும் வேதனையைத் தரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்கும், கருப்பையில் தோன்றும் நார்க்கட்டிகளுக்கும் வைத்தியர்கள் போடும் லியூப்ரோலைடு போன்ற ஊசி மருந்துகள், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை முதலில் சில நாட்கள் தூண்டிப் பின் அடக்கி, சினைப்பைகளின் வேலையை நிறுத்தி, ஈஸ்ட்ரஜன் அளவை மாதவிடாய் நின்ற ஸ்திரீகளின் நிலைக்கு இறக்கிவிடுகின்றன. இயற்கை பல வருஷங்களில் சிறுகச் சிறுகச் செய்யும் காரியம் சில வாரங்களில் நடந்து முடிகிறது. வலி தணிகிறது, அந்த உபகாரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் உடம்பில் அனல் பறக்கும், எலும்பு தேயும் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லும் வைத்தியர்களிலும் பலர், ஞாபகத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. தினமும் பெயர் சொல்லி அழைக்கும் மாணவி எதிரே நிற்க, அவள் பெயர் நாவில் வராமல் தவிக்கும் ஆசிரியையும், பால் கணக்கை மூன்று முறை கூட்டியும் கூட்டிய தொகையை எழுதுவதற்குள் மறந்துவிடும் குடும்பத்தலைவியும், தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சி அதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். துணிந்து சொன்னாலோ, 'எல்லாம் மனப்பிரமை' என்ற பதிலே கிடைக்கிறது.

அது பிரமையன்று. நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஈஸ்ட்ரஜனை ஏற்கும் ஏற்பிகள் இருக்கின்றன. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா ஷெர்வின் தம் சகாவுடன் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நார்க்கட்டிக்காக 12 வாரம் லியூப்ரோலைடு பெற்ற பெண்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறைந்தது. பின்னர் அதே ஊசியோடு ஈஸ்ட்ரஜனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு அது திரும்பியது, வெற்று மாத்திரை பெற்றவர்களுக்குத் திரும்பவில்லை. பின் வந்த ஆராய்ச்சிகள் யாவும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதும் உண்மை. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. ஆயினும் நேரக்கூடியது என்று தெரிந்த பின்னும் அதைச் சொல்லாமல் விடுவதற்கு நியாயம் எங்கே இருக்கிறது?

2008 ஜனவரியில் நமது உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் அவள் மயக்கத்தில் இருக்கையில் அகற்றிய வழக்கில், சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள் ஆகியவற்றை அறிந்து தரும் சம்மதமே சம்மதம் என்று தீர்ப்பளித்தது. அரிதினும் அரிதான அபாயங்களையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. அதனால் நாமே கேட்டுவிடுவது உத்தமம். முக்கியமாக, ஊசி ஒரு மாதத்துக்கு உரியதா, மூன்று மாதத்துக்கு உரியதா என்று கேட்க வேண்டும். ஏனெனில் உடலில் சென்ற மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. மாத ஊசியாக இருந்தால், பாதகம் தென்பட்டபோது அடுத்ததைப் பற்றி யோசிக்க அவகாசம் கிடைக்கும். எலும்பைக் காக்கச் சிறு அளவில் ஹார்மோன் சேர்த்துத் தரும் முறையும் உண்டு. அது தமக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக இவ்வூசி பெறுவோருக்கு அந்த முறை ஆகாது. அவர்கள் மறதிக்கு அஞ்சித் தாமாகவே சிகிச்சையை நிறுத்துவது பேராபத்து.

முதல் ஊசிக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைய நிலையைத் தேதியிட்டு எழுதிவரத் தொடங்கினால், பின்னால் ஏற்பட்ட மாறுதலை வைத்தியர் எளிதில் மறுக்க இயலாது. காஸியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியில், 1800-180-3024 என்ற எண்ணில், மருந்தின் பக்கவிளைவை நோயாளியே தெரிவிக்கலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது வைத்தியர்களுக்கான விதி.

பக்கவிளைவு நேர்ந்ததே வைத்தியரின் குற்றம் ஆகிவிடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாததும், முறையிட்டபோது கவனியாததுமே வழக்குக்கு ஆதாரம். கட்டணம் பெற்ற மருத்துவமனையின் மீது இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை அளிக்கும் அரசு ஆஸ்பத்திரிகள் அந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருவதில்லை; அங்கே சிகிச்சை பெற்ற ஏழைப் பெண்ணுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது சிவில் நீதிமன்றத்தின் நீண்ட வழிதான்.